சுமை கைமாறும் இடம்

தலைச்சுமடு கொண்டு நடக்க ஒரு ஆள் போதும். ஏற்றவும் இறக்கவும் இரண்டு ஆள் வேண்டும். நாஞ்சில் நாட்டுச் சாலையோரங்களில் இன்றும் அங்கங்கே நிற்கிற சுமைதாங்கிக் கல்தான் அந்த இரண்டாவது ஆள்.

இரண்டு கல்தூண்கள், மேலே குறுக்காக ஒரு பலகைக்கல். அமைப்பு அவ்வளவுதான். சூட்சுமம் உயரத்தில் இருக்கிறது. நிற்கிற ஆளின் தோளுக்குச் சற்று மேலே அந்தப் பலகை வரவேண்டும். சுமட்டுக்காரர் கல்லோடு ஒட்டி நின்று தலையைச் சாய்த்தால் மூட்டை சறுக்கிக் கல்மேல் உட்கார்ந்துகொள்ளும். கழுத்தை நீவிவிட்டு, தண்ணீர் குடித்து, அவிழ்ந்த சும்மாட்டைத் திரும்பச் சுற்றிவைத்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சம் மடக்கித் தலையைக் கொடுத்தால் சுமை மறுபடி தலைக்கு வந்துவிடும். ‘ஒரு கை பிடிங்க’ என்று போகிறவர் வருகிறவரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

கிடங்குகளுக்கும் ஆலைகளுக்கும் கன்வேயர் வடிவமைக்கும் பொறியாளர்களுக்கு இந்தக் கல்லைக் காட்டினால் சட்டென்று புரிந்துகொள்வார்கள். பெல்ட் நேராக ஓடுகிற நூறு மீட்டர் அவர்களுக்குப் பெரிய தலைவலி கிடையாது. ஒரு பெல்ட்டிலிருந்து இன்னொரு பெல்ட்டுக்குச் சரக்கு விழுகிற ஒன்றரை மீட்டரில்தான் வம்பெல்லாம் இருக்கிறது. சிந்துவதும் தூசி கிளம்புவதும் அடைத்துக்கொள்வதும் பெல்ட் கிழிவதும் அங்கேதான். டிரான்ஸ்ஃபர் பாயிண்ட் என்பார்கள். சுமை கைமாறும் இடம். இரண்டு உயரங்கள் பொருந்த வேண்டும், இரண்டு வேகங்கள் பொருந்த வேண்டும். இந்த மண்ணின் சரக்குப் போக்குவரத்தையும் அப்படியே படித்துப் பார்க்கலாம். சரக்கு எவ்வளவு தூரம் போனது என்பதை விட்டுவிட்டு, எத்தனை முறை கைமாறியது, கைமாறும்போது என்ன சிந்தியது என்று.

சுமைதாங்கியை யார் நட்டார்கள் என்பது தனிக்கதை. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது தமிழ்நாட்டிலும் பழைய திருவிதாங்கூரிலும் வழக்கம். இறக்கி வைக்காமல் போன சுமையை வேறு யார் யாரோ அந்தக் கல்லில் இறக்கி வைக்க, அவள் ஆவி ஆறும் என்பது நம்பிக்கை. அகாலமாகச் செத்த பெண்ணை இசக்கி என்ற தெய்வமாக்கிக் கும்பிடுகிற ஊரும் இதுதான். ஒரே துயரத்துக்கு இரண்டு நினைவுச் சின்னங்கள். ஒன்றைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், மற்றதில் மூட்டையை இறக்குகிறார்கள். பக்கத்திலேயே ஒரு கிணறு, மாடு தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி, தங்கிப்போக வழியம்பலம், நிழலுக்கு ஓர் ஆலமரம். பாதையின் அந்த இடம் முழுவதுமே இளைப்பாறலுக்காகத் திட்டமிட்டுச் செய்ததுபோல் இருக்கும்.

யார் சுமந்தார்கள் என்ற கேள்வி இன்னும் கசப்பானது. திருவிதாங்கூரில் ஊழியம் என்று ஒன்று இருந்தது. அரசாங்கத்துக்காகக் கூலியில்லாமல் செய்துகொடுக்க வேண்டிய வேலை. சரக்கு சுமப்பதும் அதில் அடக்கம். ஒடுக்கப்பட்ட சாதியாரின் தலைமேல்தான் அது ஏறியது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எதிர்த்துப் பேசிய கொடுமைகளில் ஊழியமும் உண்டு. லண்டன் மிஷன் பாதிரியார் சாமுவேல் மட்டீரின் நூல்களிலும் அதைப் பற்றிப் படிக்கலாம். அடிமை முறையை ஒழிக்கும் பிரகடனமே 1855-ல்தான் வந்தது. சுமைதாங்கியின் அழகைப் பேசும்போது இதை மறந்துவிட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னதாகும்.

கணக்காகச் சொன்னால் நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகஸ்தீஸ்வரம் என்ற இரண்டு தாலுகாக்கள். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைகிற நெல் பூமி. திருவிதாங்கூரின் சோற்றுப்பானை என்றே சொல்லலாம். மேற்கே கல்குளமும் விளவங்கோடும் தென்னையும் மலையும் கடலுமான வேறு உலகம். கிழக்கே பாண்டி நாட்டுக்குப் போக ஆரல்வாய்மொழிக் கணவாய். இந்த நிலப்பரப்பில் 1979 வரை ரயில் கிடையாது. அந்த ஆண்டுதான் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்குப் பாதை வந்தது. திருநெல்வேலியோடு இணைந்தது 1981-ல். அதாவது கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் கழிந்த பிறகும் இங்கே சரக்கு என்றால் தலை, வண்டி, வள்ளம், லாரி என்ற நான்குதான்.

வள்ளத்துக்காகப் பெரிய கனவு ஒன்று காணப்பட்டது. 1860-ஐ ஒட்டி, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். பத்மநாபசாமி, இங்கிலாந்து ராணி, மகாராஜா என்று மூன்று பேரையும் ஒரே பெயரில் திருப்திப்படுத்திய கால்வாய்! திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைப்பது திட்டம். பூவாறிலிருந்து மண்டைக்காட்டுப் பக்கம் வரை வந்து நின்றுபோனது. பிறகு தூர்ந்தது, ஆக்கிரமிப்புக்குள் போனது. ஏவிஎம் கால்வாய் என்று மக்கள் சுருக்கிச் சொல்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு சினிமா ஸ்டுடியோதான் நினைவுக்கு வரும்.

குளச்சல் கதை வேறு. 1741-ல் திருவிதாங்கூர் டச்சுப் படையைத் தோற்கடித்த இடம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். வியாபாரிகளுக்கு அது ஒரு விரிகுடா, அவ்வளவே. கப்பல் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். வள்ளங்கள் அலையை ஏறிக் கடந்து அங்கே போய்ச் சரக்கைக் கொடுத்துவிட்டு வரும். உள்ளூரில் திரித்த ஒரு கயிற்றுக்கட்டின் பயணத்தை எண்ணிப் பார்த்தால், வீட்டிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து வண்டிக்கு, வண்டியிலிருந்து பண்டகசாலைக்கு, அங்கிருந்து மறுபடி தலைக்கு, தலையிலிருந்து வள்ளத்துக்கு, வள்ளத்திலிருந்து கப்பலுக்கு. ஆறு கைமாற்றம். ஒவ்வொன்றிலும் ஈரமான கயிறு கடற்கரை மணலில் புரண்டு எழுந்திருக்கும். அழுகப்போட்ட தேங்காய்க் கதம்பையை அடித்து, தும்பெடுத்து, திரித்த கயிறு. ஒட்டிய மணல் லேசில் போகாது.

அப்படித் திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைத்தான் 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கவனித்தார். சாதாரண மணலுக்கு இந்த எடை இருக்காது, இந்த நிறமும் வராது. சோதித்தபோது கிடைத்தது மோனசைட், தோரியம் இருக்கிற கனிமம். சரக்கு கைமாறும்போது ஒட்டிக்கொண்டு போன அழுக்கு ஒரு கடற்கரையின் தலையெழுத்தை மாற்றியது.

தோரியத்துக்கு அன்றைக்கு என்ன அவசரம்? அணுசக்தியெல்லாம் யாருடைய கனவிலும் இல்லாத காலம். தேவை விளக்குக்கு. ஆஸ்திரியாவின் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891-ல் கண்ட கலவை இது. 99 பங்கு தோரியம் ஆக்சைடு, 1 பங்கு சீரியம் ஆக்சைடு. இவற்றைத் தரும் உப்புகளின் கரைசலில் நனைத்த துணிவலையைச் சுடரில் வைத்தால் நூல் எரிந்து சாம்பலாகும். ஆனால் அந்தச் சாம்பல் கூடு வெள்ளை வெளேரென்று ஒளிவிடும். அதுதான் மேண்டில். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் கவுண்டமணி பாடம் நடத்த, செந்தில் கையில் பொடிந்துபோனதே, அதே பெட்ரோமாக்ஸ் சமாச்சாரம்தான். ஐரோப்பிய நகரங்களின் காஸ் விளக்குகள் அத்தனைக்கும் அது தேவைப்பட்டது. பிரேசில் கடற்கரைதான் அதற்கு மணல் கொடுத்துக்கொண்டிருந்தது. ஷோம்பெர்க் கயிற்றின் வழியே திரும்பி நடந்து, குளச்சலுக்குப் பக்கத்து மணவாளக்குறிச்சிக்கு வந்து சேர்ந்தார். 1910-ஐ ஒட்டி அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது. முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மானியர் கையிலிருந்து லண்டன் கம்பெனி கைக்கு மாறியது. காஸ் விளக்கை மின்விளக்கு விழுங்கத் தொடங்கியபோது மணல் தப்பித்துக்கொண்டது. கருமணலின் பெரும்பகுதியான இல்மனைட்டிலிருந்து வெள்ளைப் பெயிண்டுக்கான டைட்டானியம் டை ஆக்சைடு எடுக்கலாம் என்று ஆனது. 1922-லிருந்து இல்மனைட் கப்பலேறியது. 1940-களில் தோரியத்துக்கு அணுசக்தி மவுசு வந்து சேர, திவான் சி.பி. ராமசாமி அய்யரின் சுதந்திரத் திருவிதாங்கூர்க் கணக்குகளில் இந்த மணலும் ஒரு சீட்டாக இருந்தது. 1950 ஆகஸ்ட் 18-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் பிறந்தது. 1965-ல் மணவாளக்குறிச்சி ஆலை அதன் வசம் வந்தது. ஊர்க்காரர்களுக்கு எப்போதும் அது மணல் ஆலைதான்.

இந்த ஆலைக்குள் நடப்பது, ஒரு பெரிய விநியோகக் கிடங்கில் நடப்பதற்கு அண்ணன் தம்பி முறை. கலந்து வருகிற சரக்கை அடையாளம் கண்டு, பிரித்து, அததன் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். கிடங்கில் பார்கோடைப் படிக்கிறார்கள். இங்கே மணல்துகளின் குணத்தைப் படிக்கிறார்கள். குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. இல்மனைட், சிர்கான், மோனசைட் எல்லாம் நாலரையை ஒட்டியும் அதற்கு மேலும். ஆகவே நீரோடு சுருள்வாய்க்காலில் விட்டால் லேசானது வெளிப்பக்கம் ஒதுங்கும், கனமானது உள்பக்கம் தங்கும். பிறகு உலர்த்தி, உயர் மின்னழுத்த உருளையில் விட்டால் மின்சாரம் கடத்துகிற இல்மனைட்டும் ரூட்டைலும் ஒரு பக்கம், கடத்தாத சிர்கானும் மோனசைட்டும் மறுபக்கம். அடுத்து காந்தம். இல்மனைட்டை அது இழுக்கும், ரூட்டைலை விட்டுவிடும். மோனசைட்டைக் கொஞ்சம் வலுவான காந்தம் இழுக்கும், சிர்கானை எதுவும் அசைக்காது. இந்த வேலையின் முதல் கட்டத்தை ஆலைக்கு முன்பே கடல் செய்துவிடுகிறது. மலைப்பாறை சிதைந்து, வள்ளியாறு போன்ற ஆறுகள் கொண்டுவந்து கொட்டியதை, மழைக்கால அலைகள் புடைத்துப் புடைத்து, லேசானதை இழுத்துக்கொண்டு கனத்ததைக் கரையில் விட்டுவிடும். முறத்தில் அரிசி புடைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொன்னால் போதும்.

ஆனால் கனம் என்பது கடலுக்கு விளையாட்டு, கன்வேயருக்குச் சோதனை. பெல்ட்டின் மேல் நிற்கிற குவியலின் குறுக்குவெட்டுப் பரப்பு, பெல்ட்டின் வேகம், ஒரு கனமீட்டர் சரக்கின் எடை மூன்றையும் பெருக்கித்தான் ஒரு மணிக்கு எத்தனை டன் என்று கணக்கிடுவார்கள். ஒரு கனமீட்டர் சாதாரண உலர்மணல் ஏறக்குறைய 1.6 டன். அதே இடத்தைப் பிடிக்கும் செறிவான கருமணல் இரண்டரை டன் அளவுக்கு வரும். ஆற்றுமணலுக்குப் போட்ட பெல்ட்டில் இதைக் கொட்டினால், பார்வைக்கு முழுதாக நிறையுமுன்பே மோட்டார் மூச்சுத் திணறும். கடற்கரைப் பெண்களுக்கு இது அனுபவ அறிவு. கடவம் என்கிற பெரிய கூடை நிறையக் கருமணலை வாரிவிட்டுத் தலைக்கு ஏற்ற முடியாது.

இன்னொரு சிக்கல், உலர்ந்த மணல் வழுக்கும். பெல்ட்டை 15 பாகைக்கு மேல் சாய்த்தால் பின்னோக்கிச் சரியத் தொடங்கிவிடும் அபாயம் உண்டு. 20 மீட்டர் உயரத்துக்கு மணலை ஏற்ற அந்தச் சாய்வில் 75 மீட்டர் தரை வேண்டும். தென்னந்தோப்பும் வீடுகளும் நெருக்குகிற கடலோர ஊரில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? அதனால் இப்படிப்பட்ட ஆலைகளில் பக்கெட் எலிவேட்டர்கள் நிறைய இருக்கும். சங்கிலியிலோ பெல்ட்டிலோ கோத்த வாளிகள் நேர்செங்குத்தாக மணலை மேலே கொண்டுபோகும். ஒருமுறை உச்சிக்குப் போய்விட்டால் பிறகு பூமி இழுத்துக்கொள்ளும். மேல்தளத்து இயந்திரத்திலிருந்து கீழ்த்தளத்து இயந்திரத்துக்கு மணல் தானாகவே இறங்கி வரும். அடியில் துளை வைத்த குதிரில் நெல் எடுத்தவர்களுக்கு இந்தச் சூத்திரம் புதிதல்ல.

பெல்ட் கன்வேயரின் பிறப்புக் கதையும் சுற்றி வளைத்து இந்த மணலையே தொடுகிறது. ஆலிவர் எவன்ஸ் என்ற அமெரிக்கர் 1780-களிலேயே வாளி ஏற்றியும் திருகுச் சுழலும் வைத்து, மாவு ஆலையில் கோதுமை கைபடாமல் மாவாக இறங்க வழி செய்துவிட்டார். ஆனால் கல்லும் தாதுவும் சுமக்கிற பெல்ட் 1891-ல் நியூஜெர்சியில் தாமஸ் எடிசனின் இரும்புத்தாது ஆலையில்தான் உருவாகத் தொடங்கியது. பெல்ட் விற்க அங்கே போன தாமஸ் ராபின்ஸ், கூர்மையான தாது பெல்ட்டுத் துணியைச் சீக்கிரமே அறுத்துத் தின்பதைப் பார்த்தார். மேல்முகத்தில் கனமாக ரப்பர் கொடுத்தார். பக்க உருளைகளைச் சாய்த்து வைத்து, பெல்ட்டைத் தொட்டில்போலக் குழித்து ஓடவிட்டார். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், எடிசன் அந்த ஆலையில் செய்துகொண்டிருந்தது மணவாளக்குறிச்சியில் செய்கிற அதே வேலை, காந்தத்தால் தாதுவைப் பிரிப்பது. அவருடைய மின்விளக்கோ, மணவாளக்குறிச்சி மணல் எந்த மேண்டிலுக்காகத் தேடப்பட்டதோ அந்த மேண்டிலின் எதிரி. எடிசனின் தாது ஆலை நஷ்டத்தில் மூடப்பட்டது. அவர் விளக்கு ஜெயித்தது. பெல்ட் உலகமெங்கும் போனது.

அந்த ரப்பர் மேல்பூச்சு இன்றும் தேவை. கல்லும் மணலும் உரசுகிற இடத்தில் இயற்கை ரப்பருக்குத் தனி மரியாதை உண்டு. குமரி மாவட்டத்தின் மேற்கு மலையடிவாரம் ரப்பர் மரங்களால் ஆனது. 1984-ல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமையிடம் நாகர்கோவில்தான். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவர்களுக்கும் மணல் ஆலைக்கும் நடுவில் நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது.

கைமாறும் இடத்துத் தொல்லை இந்த ஆலையில் இரட்டிப்பு. மணல் உரசி உருளைகளையும் சரிவுத்தகடுகளையும் தேய்க்கிறது என்பது ஒன்று. மோனசைட்டில் தோரியம் இருப்பதால் அதன் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது என்பது இன்னொன்று. இங்கே பெல்ட்டிலிருந்து மணல் விழுகிற இடங்களை மூடிபோட்டு, காற்றை உறிஞ்சி வடிகட்ட வேண்டும். மோனசைட் பகுதியில் வேலை செய்பவர் வாங்கும் கதிர்வீச்சை அளக்க உடையில் பேட்ஜ் குத்தியிருக்க வேண்டும்.

தலைச்சுமட்டுக்கும் இயந்திரத்துக்கும் நடுவிலுள்ள கோடு இங்கே முழுதாக அழிந்துவிடவும் இல்லை. ஆலைக்கு மணல் இரண்டு வழியாக வந்திருக்கிறது. உள்நிலத்தில் தோண்டி எடுப்பது ஒன்று. கரையில் ஒதுங்குகிற கருமணலைச் சுற்றியுள்ள ஐந்து மீனவ ஊர்களின் மக்கள் வாரிக் கொடுப்பது மற்றொன்று. ஆண்டுக்கு சுமார் 90,000 டன் இல்மனைட் எடுக்கும் திறனுள்ள ஆலையின் முதல் கைமாற்றம் ஒரு மண்வெட்டியிலும் கூடையிலும் தொடங்கியது என்பதைக் கன்வேயர் வரைபடங்கள் காட்டுவதில்லை.

தோவாளைப் பூச்சந்தை இன்னொரு மாதிரியான கிடங்கு. அதில் எதையும் வைத்திருக்க மாட்டார்கள். ஓசூர், ராயக்கோட்டை, மதுரை, திண்டுக்கல் பக்கத்துப் பூக்கள் இரவோடிரவாக வந்து இறங்கும். உள்ளூர்ப் பிச்சியும் அரளியும் சேரும். விடிவதற்குள் கேரளத்துக்குப் பிரிந்து போய்விடும். வந்த லாரியிலிருந்து போகிற லாரிக்கு நேராகச் சரக்கை மாற்றுவதை இன்றைய தளவாட நிபுணர்கள் பெரிய உத்தியாகச் சொல்கிறார்கள். வாடிப்போகிற சரக்கை வைத்துப் பிழைக்கிறவர்களுக்கு வேறு வழியே இருந்ததில்லை. அங்கே பெல்ட் கிடையாது, ரோலர் கிடையாது. சாக்கும் தோளும்தான்.

சுமையை யார் சுமப்பது என்ற பழைய கேள்வி புது வடிவத்தில் திரும்பியிருக்கிறது. கிள்ளியூர்ப் பகுதியில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் திட்டத்துக்கு 2024-ல் கடலோர ஊர்களிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. இணையம் என்ற கடற்கரை ஊரில் பெரிய துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2016 ஜூலையில் கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தபோதும் இப்படித்தான். துறைமுகம் வரவில்லை. எல்லைக்கு அப்பால் விழிஞ்ஞத்தில் வந்தது, 2025 மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கப்பலிலிருந்து கப்பலுக்குப் பெட்டி மாற்றுவதுதான் அதன் பிரதான தொழில். அரபிக்கடலோரத்தில் ஒரு பெரிய சுமைதாங்கி.

சின்னச் சுமைதாங்கிகளின் பாடுதான் மோசம். சாலையை அகலப்படுத்த வருகிற இயந்திரத்துக்கு அது வெறும் மூன்று கல். சிலது பேருந்து நிறுத்தத்தில் திண்ணையாகக் கிடக்கிறது, சிலது ஓடைக்குப் பாலமாகிவிட்டது. சிலவற்றில் செய்துவைத்தவர் பெயரும் கொல்லம் ஆண்டும் வெட்டியிருக்கும். அதோடு 825-ஐக் கூட்டினால் ஏறக்குறைய கி.பி. ஆண்டு வந்துவிடும். உங்கள் ஊர்ச் சாலையோரத்தில் ஒன்று மிச்சமிருந்தால் எழுத்தைப் படம் எடுங்கள். கூடவே ஒரு டேப் எடுத்துப்போய், தரையிலிருந்து பலகையின் மேல்முகம் வரை அளந்து எழுதி வையுங்கள். சாலை உயர்ந்திருக்கும், அதனால் தூணின் பழைய அடி எங்கே இருக்கிறதென்று பார்த்து அளக்க வேண்டும். அந்தப் பாதையில் நடந்தவர்களின் தோளுயரம் வேறு எந்த ஆவணத்திலும் இல்லை.